முறுக்கும் இறுக்கமும்

பெருந்தேர் எத்துணைப் பெரிதாயினும் அதன் உருளையைக் கழலவிடாது காப்பது சிறியதோர் அச்சாணியே. உருவத்தாற் சிறியதென்று அதனை இகழலாகாது என்று வள்ளுவப் பெருந்தகை வினைத்திட்பம் என்னும் அதிகாரத்திலே எடுத்துக் காட்டினார். மயிற்பீலியேயாயினும் அளவின் மிக்கு ஏற்றினால் வண்டியின் அச்சு முரியும் என்று வலியறிதலிலே கூறினார். உப்பு வாணிகராகிய உமணர் நெடுவழிக்கு வண்டி பூட்டும்பொழுது, மேட்டிலும் பள்ளத்திலும் யாது நேருமோ என எண்ணி, மற்றோர் அச்சையும் சேமமாக வண்டியின் கீழே கட்டிச் சென்ற செய்தியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றால் அறிகின்றோம். நம் பழம் புலவர்கள் வண்டியைக் குனிந்து பார்த்தே பாடினர் என்பதற்கு இவை சான்று. அச்சும் ஆணியும் அவர்களுக்கு இழிந்த பொருள்களாகத் தோன்றவில்லை.

இக்காலத்துப் பெருவண்டிகளாகிய லொறிக்கும் பஸ்ஸுக்கும் அத்தகைய அச்சாணிகள் பலவுள. அவற்றுள்ளே பின்னச்சை வில்லோடு பிணிக்கும் போல்ட்டுகளைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவுதல் கூடும். அதற்கு விடை கூறிவிட்டு மேலே செல்லுதல் முறையாம்.

என்னிடம் பல்லாண்டுகளுக்கு முன் நன்னூல் கற்ற மாணாக்கர் ஒருவர் இன்று கண்டி வீதிக்கு அணித்தாகப் பெருவண்டிகளைப் பழுதுபார்க்கும் கராஜ் ஒன்றை நடத்துகின்றார். சில மாதங்களின் முன் அவர் என் இல்லத்துக்கு வந்து, வண்டிக் கொம்பனியார் ஆங்கிலத்தில் அச்சிட்ட கைந்நூலிலிருந்து நாலைந்து பக்கங்களை என்முன் வைத்தார்.

“ஐயா, என்னட்டை நிக்கிற பெடியள் கெட்டிக்காரர். ஆனால் புத்தகம் இங்கிலீசில கிடக்கு. நான் நிண்டு சொன்னால் செய்வாங்கள். நான் இல்லாத நேரம் தங்கடை எண்ணத்துக்கு இறுக்கிப்போட்டு விடுறாங்கள். இதைத் தமிழிலை ஒரு தாளிலை எழுதித் தாங்கோ. சுவரிலை ஒட்டவேணும்” என்றார்.

அவர் அவ்வாறு விரைந்து வேண்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. சீமெந்து ஏற்றிச் சென்ற லொறி ஒன்றின் பின்னச்சு, வளைவொன்றிலே ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி தெருவை விட்டு வயலோரத்தில் இறங்கிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, உதவியாளாகச் சென்றவருடைய கால் முரிந்தது. அந்த வண்டிக்கு மூன்று கிழமைகளின் முன்னரே வேறோரிடத்தில் புதுவில் பூட்டப்பட்டிருந்தது. பூட்டியவன் பத்தொன்பது வயதுடைய இளைஞன். வேலையிடத்தார் அவனையே குற்றவாளியாக்கி வெளியேற்றிவிட்டனர். என் மாணாக்கர் அவனை அழைத்துத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். யான் கராஜுக்குச் சென்றபொழுது அவன் என்னிடம் கேட்டது ஒன்றே: “நான் உயிரைக் குடுத்துத்தான் இறுக்கினனான் ஐயா. பிறகு ஏன் இளகினது?”

அவன் பொய் சொல்லவில்லை. அவன் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லின் கட்டு

பெருவண்டியின் பின்பக்கத்திலே, சில்லுக்கு உட்புறமாக, நீண்ட இரும்புத் தகடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு வில்போல் வளைந்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். கராஜில் இத்தகடுகளைப் பிளேட் என்பர். அடுக்கின் நீண்ட தகட்டின் இரு முனைகளும் வளைந்து கண்களாகி, வண்டியின் சட்டத்தோடு இணைகின்றன. நடுவிடத்திலே அச்சு பொருந்துகின்றது. தகடுகள் யாவற்றையும் ஊடுருவிச் செல்லும் ஒற்றை ஆணி சென்டர் போல்ட் எனப்படும். அடுக்கையும் அச்சையும் ஒருங்கே தழுவி, குதிரை இலாடம்போல் வளைந்து, இரு கால்களிலும் நட்டு ஏற்றப்படுவது யூ போல்ட். வில்லொன்றுக்கு இத்தகையன இரண்டு. ஆகவே கால்கள் நான்கு, நட்டுகள் நான்கு.

இவற்றின் தொழிலைப் பிரித்தறிதல் வேண்டும். சென்டர் போல்ட் அச்சைத் தன் இடத்திலே வைத்துக் குறி காட்டுவது. தகடுகள் விலகாது கோப்பது. வண்டியின் பாரத்தையும் பிரேக் பிடிக்கும்பொழுது எழும் தள்ளுவிசையையும் தனியே தாங்கும் வலி அதற்கில்லை. அவற்றைத் தாங்குவது யூ போல்ட் தரும் பிடி. பிடி உறுதியாக உள்ளவரையில் தகடும் அச்சும் ஒரே பொருள்போல நிற்கும். பிடி தளர்ந்தவுடன் அச்சு முன்பின்னாக நகர முயலும்; அந்த முயற்சி முழுதும் சென்டர் போல்ட்டின்மேல் வந்து விழும். அது சிலநாள் பொறுத்து, பின் கத்தரித்தாற்போல அறும். அன்றியும், பிடி தளர்ந்த வில்லிலே தகடுகள் நடுவிடத்தில் வளையத் தொடங்கும். துளையிட்ட இடமே தகட்டில் மெலிந்த இடமாதலின் அங்கேயே வெடிப்பும் தோன்றும். ஆதலின் நடுத்துளையிலே முரிந்த தகட்டைக் கண்டால், தகட்டின்மேல் ஐயுறுவதற்கு முன் யூ போல்ட்டின்மேல் ஐயுறுக என்பர் தொழில் அறிந்தோர்.

சொல்லும் பொருளும்

கைந்நூலைத் தமிழாக்க அமர்ந்தபொழுது முதலில் எதிர்ப்பட்டது சொல்லிடர்ப்பாடு. நட்டு, போல்ட், பிளேட் என்பனவற்றை மாற்ற யான் முயலவில்லை. தொழில் செய்வோன் நாவில் நிலைத்த சொல்லைப் பெயர்த்து, அவன் அறியாத சொல்லைச் சுவரில் ஒட்டினால், தாள் அழகாயிருக்கும், அச்சு நில்லாது. ஆயின் வினைச்சொற்கள் வேறு. அவை நம் மொழியில் ஏற்கெனவே உள்ளன. அவற்றை நுட்பமாக ஆளுதலே வேண்டுவது.

இறுகுதல் தன்வினை, இறுக்குதல் பிறவினை. முறுகுதல், முறுக்குதல் என்பனவும் அவ்வாறே. நாம் பேச்சிலே “நட்டை இறுக்கினேன்” என்கின்றோம். உண்மையில் கை செய்வது முறுக்குதல். அதன் பயனாகப் போல்ட் அடைவது இறுக்கம். முறுக்கு என்பது ஸ்பனரின் நீளத்தையும் கையின் விசையையும் பெருக்கி வருவது. இறுக்கம் என்பது போல்ட்டின் தண்டு உள்ளே இழுபட்டு நிற்கும் நிலை. முறுக்கை அளக்கலாம், இறுக்கத்தைக் கராஜில் நேரே அளத்தல் அரிது. ஆகவே முறுக்கை அளந்து இறுக்கத்தை உய்த்துணர்கின்றோம். தொல்லை முழுவதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடத்திலேதான் உள்ளது.

எவ்வாறெனின், நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே தண்டை இழுப்பதிற் பயன்படுகின்றது. ஏறக்குறையப் பாதி, நட்டின் அடிப்புறம் தகட்டோடு உராய்வதிலே கழியும். எஞ்சிய நாற்பது வீதம் புரிகளின் உராய்விலே கழியும். புரியிலே துருவும் மண்ணும் அப்பியிருந்தால் உராய்வு மிகும். தண்டுக்கு வரவேண்டிய அந்தச் சிறுபங்கும் குறையும். இளைஞன் வியர்த்து விறுவிறுத்து முறுக்கினான். அவ்வியர்வை துருவைத் தேய்ப்பதற்கே செலவாயிற்று. கை வலித்தது உண்மை. போல்ட் இறுகவில்லை என்பதும் உண்மை.

மறுதலையாக, வரண்ட புரிக்கு வகுத்த முறுக்கை எண்ணெய் பூசிய புரிக்குக் கொடுத்தால் உராய்வு குறைந்து இறுக்கம் மிகும். 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரண்ட புரியில் 400 நியூற்றன் மீற்றர் முறுக்குக் கொடுத்தால், காலொன்றில் ஏறக்குறைய 100,000 நியூற்றன் இறுக்கம் பிறக்கும். இது பத்துத் தொன் எடைக்கு ஒப்பாகும். எண்ணெயிட்ட புரியில் அதே முறுக்கு 130,000 நியூற்றனுக்கு மேல் இழுக்கும். ஆதலின் புரிக்கு எண்ணெய் இடுவதா இடாது விடுவதா என்பதைக் கைந்நூல் கூறியவாறே செய்தல் வேண்டும். இக்கணக்கில் வரும் எண்கள் விளக்கத்திற்காக எடுத்தவை. ஒவ்வொரு வண்டிக்கும் உரிய முறுக்களவை அவ்வண்டியின் கொம்பனியார் வகுத்த கைந்நூலிலேயே காண்க.

மேற்கூறிய கணக்கிலே வியப்பொன்று உண்டு. கால்கள் நான்காதலின், ஒரு வில்லின் நடுவிடத்தைப் பிடித்து நெரிக்கும் விசை நாற்பது தொன் எடைக்கு ஒப்பாகின்றது. வண்டி ஏற்றிச் செல்லும் பாரத்தைவிட இப்பிடி பன்மடங்கு பெரிது. அவ்வாறு பெரிதாயிருப்பதனாலேதான் குண்டும் குழியுமான தெருவிலே எத்தனை உலுக்கு உலுக்கினும் தகடும் அச்சும் ஒன்றின்மேலொன்று வழுக்குவதில்லை. வழுக்குதல் தொடங்கினால் நட்டு தானே கழலும். பக்கவாட்டு அசைவே நட்டுக் கழலுதற்கு முதற்காரணம் என்பதை ஜெர்மானியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வால் உலகுக்கு உணர்த்தினார். பிடி குறைந்தால் அசைவு. அசைவு வந்தால் கழலுதல். கழன்றால் பிடி மேலும் குறைதல். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இச்சுழலில் அகப்பட்ட வண்டி நெடுநாள் ஓடாது.

மிகையும் குறைவே

குறைய இறுக்கினால் தீங்கு எனின், மிக இறுக்கிவிடுவோம் என்று சிலர் துணிவர். ஸ்பனரின் பிடியிலே நீண்ட குழாயைச் செருகி, அதன் நுனியில் ஏறி நிற்பதை யான் பன்முறை கண்டிருக்கின்றேன். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவன் ஒன்றரை மீற்றர் நீளக் குழாயின் நுனியில் நின்றால் பிறக்கும் முறுக்கு ஏறக்குறைய 880 நியூற்றன் மீற்றர். யாம் எடுத்துக்கொண்ட அளவின் இருமடங்கிலும் மிகை.

போல்ட்டும் ஒருவகை வில்லே. இழுத்தால் நீளும், விட்டால் மீளும். நீட்சி இழுவிசைக்கு ஏற்ப அமையும் என்ற நெறியை ஆங்கில அறிஞர் ரொபேட் ஹூக் 1678இல் நூலாக வெளியிட்டார். ஆயின் அந்நெறி ஓர் எல்லைக்கு உட்பட்டது. எல்லையைக் கடந்த இரும்பு நீண்டபடியே நின்றுவிடும், மீளாது. மீளாத போல்ட்டுக்குப் பிடிக்கும் வலி நம்பத்தக்கதன்று. அது பார்வைக்குப் புதிதுபோல இருக்கும். புரி மட்டும் சற்றே நீண்டு, நட்டு ஏறும்பொழுது தடைப்படும். கழற்றிய யூ போல்ட்டை மீண்டும் பூட்டலாகாது, புதியதையும் புதிய நட்டையுமே பூட்டுக என்று கொம்பனியார் பலர் விதித்திருப்பது இதுபற்றியே. செலவு மிகும் என்று முதலாளிமார் முகஞ்சுளிப்பர். வண்டியொன்றின் விலையோடும் மனிதனொருவனின் காலோடும் அச்செலவை ஒப்புநோக்குதல் அவர்களுக்கு நன்று.

செய்முறை

தாளிலே யான் எழுதிக் கொடுத்த முறையை வாசகர்க்கும் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, தூய்மை. தகடும் அச்சும் சேரும் முகங்கள், யூ போல்ட்டின் முதுகு பொருந்தும் இடம், நட்டு அமரும் இடம் ஆகியவற்றில் துரு, மண், தடித்த பெயின்ட் ஒன்றும் இருத்தலாகாது. சென்டர் போல்ட்டின் தலை அச்சின் மேலுள்ள குழியில் முழுதும் இறங்கியதா என்று பார்த்தல் வேண்டும். இறங்காது விளிம்பில் ஏறி நிற்குமானால், எத்தனை முறுக்கினும் பிடி பொய்யே.

இரண்டாவது, ஒழுங்கு. நான்கு நட்டுகளையும் முதலிற் கையால் ஏற்றுக. கால்களின் நுனி நட்டுக்கு வெளியே ஒத்த அளவு நீண்டிருத்தல் வேண்டும். பின்னர் முன்புறத்து உள்நட்டு, அடுத்துப் பின்புறத்து வெளிநட்டு என மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்குக. ஒரே சுற்றில் முடிவான அளவுக்குச் செல்லாது, மூன்று நான்கு சுற்றுகளாகச் சிறிது சிறிதாக ஏறுக. ஒரு காலை முற்றும் முறுக்கிவிட்டு மறுகாலுக்குச் சென்றால் யூ போல்ட் ஒருபால் சாய்ந்து, முதற்காலின் இறுக்கம் தளரும்.

மூன்றாவது, நிலை. கடைசி முறுக்கை வண்டி தூக்கப்பட்டு, அச்சு அந்தரத்தில் தொங்கும்பொழுது கொடுத்தலாகாது. வண்டி தன் சில்லுகளில் நின்று, வில்மேல் பாரம் இறங்கிய பின்னரே கொடுத்தல் வேண்டும். தொங்கும் வில் மிக வளைந்திருக்கும். பாரம் ஏறியவுடன் அது நிமிரும். நிமிரும்பொழுது தகடுகள் தம்முள் புதிதாகப் பொருந்தும். முன்னிலையிற் கொடுத்த இறுக்கம் பின்னிலையில் நில்லாது. வில்லின் கண்ணில் இறப்பர் புஷ் உள்ள வண்டிகளுக்கு இவ்விதி இன்னும் இன்றியமையாதது. தொங்கும் நிலையிலே அதன் ஆணியை முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியவுடன் இறப்பர் திருகப்பட்டு, ஓயாது அந்நிலையிலேயே நின்று விரைவில் கிழியும்.

நான்காவது, அளவு. முடிவான முறுக்கை அளவு காட்டும் ஸ்பனராலேயே கொடுக்க வேண்டும். கராஜில் அதனை டோர்க் ரென்ச் என்பர். குறித்த அளவு வந்தவுடன் அது ஒலித்துக் காட்டும், ஒலித்தபின் நிறுத்துக. காற்றினால் சுழலும் துப்பாக்கி நட்டை விரைந்து ஏற்றுவதற்கு உதவும். அளவு கூறுவதற்கு உதவாது.

ஐந்தாவது, புரி. பழைய ஆங்கிலேய வண்டிகளின் புரி அங்குல அளவினது. இக்காலத்து வண்டிகளின் புரி மில்லிமீற்றர் அளவினது. ஜோசப் விட்வேர்த் 1841இல் வகுத்த புரியின் கோணம் 55 பாகை. மில்லிமீற்றர்ப் புரியின் கோணம் 60 பாகை. பெட்டியில் கிடந்த நட்டு இரண்டு சுற்று ஏறிவிட்டது என்பதனால் அது அந்தப் போல்ட்டுக்குரியது என்று துணிதல் கூடாது. ஒவ்வாத நட்டு பாரம் வரும்வரை இணங்கியிருந்து, பாரம் வந்தபொழுது புரியை உரித்துக்கொண்டு போய்விடும்.

மறுநோக்கு

இளைஞனுடைய கேள்விக்கு முழுவிடை இங்கேதான் வருகின்றது. யாம் முன்னர்க் கூறிய இறுக்கத்திலே, 200 மில்லிமீற்றர் நீளமுள்ள யூ போல்ட்டின் கால் எவ்வளவு நீளும் என்று கணக்கிட்டால், 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரையே வரும். அவ்வளவு சிறிய நீட்சியே பத்துத் தொன் பிடியைத் தாங்கி நிற்கின்றது. நாம் எழுதும் தாளின் பருமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். வண்டி ஓடத் தொடங்கியபின் முகங்களுக்கிடையே அகப்பட்ட பெயின்ட்டும் துருவும் ஒரு தாளின் பருமனளவு நொறுங்கி அமுங்கினாற் போதும். நீட்சியில் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை போய்விடும். இறுக்கமும் அவ்வளவு போய்விடும். நட்டு ஓர் இழையேனும் திரும்பவில்லை. ஆயினும் பிடி குறைந்தது. பின்னர் அசைவு, பின்னர்க் கழலுதல்.

அந்த லொறியிலே நிகழ்ந்தது இதுவே. மாணாக்கர் அதனைக் கழற்றிப் பார்த்தபொழுது தகட்டுக்கும் அச்சுக்கும் இடையே தடித்த பழைய பெயின்ட் பொடியாகிக் கிடந்தது. சென்டர் போல்ட் இரண்டாக அறுந்திருந்தது. வில் பூட்டியது வண்டி தூக்கப்பட்டிருந்த நிலையில். பூட்டி முடித்த மாலையே வண்டி பாரமேற்றப் போயிற்று. மூன்று கிழமையாக ஒருவரும் ஸ்பனர் வைத்துப் பார்க்கவில்லை. புதிதாகப் பூட்டிய வில்லைச் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் அளவு வைத்து முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது கைந்நூல்கள் பொதுவாகக் கூறும் விதி. தூரம் வண்டிக்கு வண்டி சற்று வேறுபடும், விதி வேறுபடாது. இதனைக் கூறியபொழுது இளைஞன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்பு, “வண்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை ஐயா” என்றான்.

சொல்லித் தரவேண்டியவர் சொல்லவில்லை. சொல்லும் நூல் அவனறிந்த மொழியில் இல்லை. பழி மட்டும் அவன்மேல் வந்தது.

வண்டி உடையார்க்கு

வண்டியை ஓட்டுவோரும் உடையோரும் தாமே காணத்தக்க குறிகள் சில உள. நட்டைச் சுற்றியும் யூ போல்ட்டின் காலடியிலும் செந்தூள் கசிந்தாற்போலத் துருக்கோடு தோன்றினால், அங்கே இரும்போடு இரும்பு உராய்கின்றது என்பது பொருள். தகடுகளின் ஓரங்கள் ஒன்றுக்கொன்று விலகி நின்றால், சென்டர் போல்ட் அறுந்திருத்தல் கூடும். பின்னே செல்வோர்க்கு, உங்கள் வண்டியின் பின்சில்லு முன்சில்லின் வழியே செல்லாது நண்டுபோல ஒருபால் ஒதுங்கிச் செல்வதாகத் தெரிந்தால், அச்சு இடம்பெயர்ந்துவிட்டது. இக்குறிகளுள் எதனைக் கண்டாலும் வண்டியை நிறுத்துக. அன்றைய கூலி போனாலும் போகட்டும்.

மறுநோக்குக்கு வண்டி திரும்பி வருவதில்லை என்பதே கராஜ் நடத்துவோர் யாவரும் கூறும் முறைப்பாடு. அரைமணி நேர வேலை. ஆயினும் அந்த அரைமணிக்கு வண்டியைத் தர முதலாளிமார்க்கு மனம் வருவதில்லை. என் மாணாக்கர் இப்பொழுது வில் பூட்டும் கூலியிலேயே மறுநோக்கின் கூலியையும் சேர்த்து வாங்கிவிடுகின்றார். பணம் கொடுத்துவிட்டமையால் வண்டிகள் திரும்பி வருகின்றன. இஃது ஏனையோரும் கைக்கொள்ளத்தக்க நல்வழி.

தமிழறிந்தோர்க்கும் ஒரு விண்ணப்பம். பழம்பாட்டுக்கு உரை எழுதுதல் நம் கடமையே. அதனை விடச் சொல்லேன். ஆயின் நம் ஊர்களிலே கராஜிலும் தச்சுப்பட்டறையிலும் மின்வேலையிலும் தமிழ் மட்டுமே அறிந்த இளைஞர் பல்லாயிரவர் உழைக்கின்றனர். அவர்கள் கையாளும் பொறிகளின் கைந்நூல்கள் அவர்களுக்கு எட்டாத மொழியில் உறங்குகின்றன. அவற்றைத் தமிழாக்குவதற்குப் பெரும் புலமை வேண்டா. தொழில் அறிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அவர் நாவிலுள்ள சொல்லை மதிக்க வேண்டும். “நன்றாக இறுக்குக” என்று எழுதாது, எவ்வளவு, எந்நிலையில், எந்த ஒழுங்கில், மீண்டும் எப்பொழுது என்று எழுத வேண்டும். ஒரு தாள் எழுத எனக்கு நான்கு மாலைகள் சென்றன. பள்ளி விடுமுறையிலே ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் ஊர்த் தொழிலாளி ஒருவருக்கு ஒவ்வொரு தாள் எழுதிக் கொடுப்பாராயின், அடுத்த விடுமுறைக்குள் நம் கராஜுகளின் சுவர்கள் நல்ல நூலகமாகிவிடும்.